500 வெள்ளிக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு?

உயர்நிலை 3 படிக்கும் மகனின் கணினிக்கு 500 சிங்கப்பூர் வெள்ளிக்குள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். சிம் லிம் ஸ்குவேர் கடைக்காரர் புது ஆர்டிஎக்ஸ் 5060 என்கிறார், அண்ணன் மகன் கரோசல் என்ற விற்பனைத் தளத்தில் பழைய ஆர்டிஎக்ஸ் 3080 எடுக்கச் சொல்கிறான். இரண்டில் எது காசுக்கு ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். கணினி விவரத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள்: இன்டெல் ஐ5-10400, 16 ஜிபி ரேம், 500 வாட் பவர் சப்ளை, இப்போதைய கார்டு ஜிடிஎக்ஸ் 1650, 24 அங்குல 1080பி மானிட்டர். இதைச் சொல்லாமல் 'எந்தக் கார்டு நல்லது' என்று மட்டும் கேட்பவர்கள்தான் அதிகம், ஆகவே என் வேலையைப் பாதி நீங்களே குறைத்துவிட்டீர்கள். உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: தம்பி, அதாவது உங்கள் மகன், பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போய்ச் சேரும்வரை மறுபடி செலவு வைக்காமல், இந்தக் கணினியில் ஒழுங்காக ஓடப்போவது எது? அப்படிக் கேட்டால் என் பதில் 5060-ம் இல்லை, 3080-ம் இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, அதிலும் 16 ஜிபி உள்ளது. ஏன் என்று சொல்கிறேன். கணினிக் கடை ஒன்றின் பழுதுபார்க்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான், இப்போதும் வார இறுதிகளில் தெரிந்தவர்களுக்கு அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன், எந்தக் கம்பெனிக்காகவும் இல்லை.

முதலில் 3080-ஐ முடித்துவிடலாம். அது 2020 செப்டம்பரில் வந்த கார்டு, அப்போது அமெரிக்க விலை 699 டாலர். இன்றைக்கும் வேகத்தில் அது 5060-க்குச் சளைத்தது இல்லை, பல விளையாட்டுகளில் முந்தியே நிற்கும். அண்ணன் மகன் அந்த அளவில் சரியாகத்தான் சொல்கிறான். ஆனால் அது 320 வாட் இழுக்கும். அதைச் செய்த என்விடியாவே 750 வாட் பவர் சப்ளை வேண்டும் என்கிறது, உங்களிடம் இருப்பது 500. அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு, குறித்த அளவைத் தாண்டி மின்சாரத்தைச் சட்டென்று இழுக்கும். பவர் சப்ளை தாங்காவிட்டால் விளையாட்டின் நடுவே கணினி அப்படியே அணைந்துவிடும். கார்டு கெட்டுவிட்டது என்று எங்கள் மேசைக்கு வந்த கணினிகளில் பல, உண்மையில் பவர் சப்ளை போதாமல் அணைந்தவை. ஆக 3080 வாங்கினால் பவர் சப்ளையும் வாங்க வேண்டும், கணினிப் பெட்டிக்குள் நீளம் போதுமா என்றும் பார்க்க வேண்டும். அப்புறம் வெப்பம். 320 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வெளியே வரும். வீவக அடுக்குமாடி வீட்டின் சின்னப் படுக்கையறையில், ஏர்கான் போடாமல், கதவைச் சாத்திக்கொண்டு விளையாடும் பையனுக்கு அது நல்ல தோழன் இல்லை. மின்கட்டணத்தைப் பொறுத்தவரை பலர் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை: 9060 எக்ஸ்டி போன்ற 160 வாட் கார்டோடு ஒப்பிட்டால் தினமும் 3 மணி நேரத்துக்கு மாதம் 14 யூனிட் சொச்சம் கூடும், யூனிட்டுக்கு ஏறக்குறைய 30 காசு என்று வைத்தால் 4 வெள்ளி சொச்சம். அந்தச் சூட்டைத் தணிக்க ஏர்கான் போட்டால் வரும் பில்தான் கணக்கில் பெரிது.

இப்போது கடைக்காரர் சொன்ன 5060. 2025 மே மாதம் வந்தது, 145 வாட், 8 ஜிபி நினைவகம். புதியது, உத்தரவாதம் உண்டு, மின்சாரம் குறைவு. கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஆனால் உங்கள் கணினியைக் கேட்காமல் சொல்லியிருக்கிறார். இங்கே கொஞ்சம் விவரமாகப் போக வேண்டும், ஏனென்றால் 'வீடியோ மெமரி 8 போதுமா 16 வேண்டுமா' என்று எல்லோரும் சண்டை போடுகிறார்களே தவிர, மதர்போர்டைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

கிராஃபிக்ஸ் கார்டு மதர்போர்டோடு பேசுவது பிசிஐஇ என்ற தடத்தின் வழியாக. அதற்குத் தலைமுறைகள் உண்டு, ஒவ்வொரு தலைமுறைக்கும் வேகம் இரட்டிப்பு. உங்கள் ஐ5-10400, 2020-ல் வந்த பத்தாம் தலைமுறை. அது மூன்றாம் தலைமுறைத் தடத்தோடு நின்றுவிடும். கார்டு ஐந்தாம் தலைமுறை என்று பெட்டியில் போட்டிருந்தாலும் உங்கள் கணினியில் மூன்றாகத்தான் ஓடும். அதில் ஒரு தடத்துக்கு நொடிக்குச் சுமார் 1 ஜிபி போகும். 5060-ஐ என்விடியா 8 தடங்களோடு மட்டுமே செய்திருக்கிறது, அதனால் உங்களுக்குக் கிடைப்பது நொடிக்கு 8 ஜிபி. 9060 எக்ஸ்டிக்கு முழு 16 தடமும் உண்டு, அதனால் அதே மதர்போர்டில் நொடிக்கு 16 ஜிபி.

இது எப்போது உறைக்கும்? விளையாட்டுக்குத் தேவையான படங்களும் பரப்புகளும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்கிவிட்டால் தடத்தின் வேகம் பெரிதாக உறைக்காது. ஒரு சில விழுக்காடு குறையலாம், கண்ணுக்குத் தெரியாது. அடங்காமல் வழியும்போதுதான் பிரச்சினை. வழிந்ததைக் கணினியின் சாதாரண ரேமில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அந்தத் தடத்தின் வழியாகவே கார்டு எடுத்துவர வேண்டியிருக்கும். அப்போது சராசரி வேகம் நன்றாக இருப்பதுபோலவே காட்டும், ஆனால் திரும்பும்போது, கதவைத் திறக்கும்போது, சண்டை ஆரம்பிக்கும்போது படம் திக்கித் திக்கி நிற்கும். 8 ஜிபி, 8 தடம், மூன்றாம் தலைமுறை என்ற மூன்றும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். ஒரே 5060 புதுக் கணினியில் ஒரு மாதிரியும் உங்கள் கணினியில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். யூடியூபில் காட்டும் சோதனைகள் பெரும்பாலும் இருப்பதிலேயே வேகமான பிராசசரில் நடப்பவை, உங்கள் வீட்டு நிலைமையை அவை காட்டாது.

1080பி திரைக்கு 8 ஜிபி போதாதா என்று கேட்கலாம். வேலரண்ட், ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட், ஃபோர்ட்நைட் மட்டும் விளையாடினால் தாராளமாகப் போதும். அவற்றில் பலவற்றுக்குக் கார்டைவிடப் பிராசசர்தான் முக்கியம். 2024, 2025-ல் வந்த பெரிய விளையாட்டுகளில் படத்தர அமைப்பை உயர்த்தினால் 1080பியிலேயே 8 ஜிபி நிறைந்துவிடுகிறது, அமைப்பைக் குறைத்தால் ஓடுகிறது. இது வரைக்கும் உறுதி. மூன்று வருடம் கழித்து என்ன ஆகும் என்பது ஊகம்தான். ஆனால் நினைவகத் தேவை குறைந்த வருடம் ஒன்றுகூட இல்லை, ஆகவே ஊகத்திலும் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தம்பியின் 1650-க்கு வேறொரு சிக்கலும் வந்துவிட்டது. டூம் வரிசையில் 2025-ல் வந்த புதிய விளையாட்டு போன்றவை ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லாத கார்டில் ஓடவே ஓடாது. அமைப்பைக் குறைத்துச் சமாளிக்கும் கதையே அங்கே இல்லை. அதனால் கார்டை மாற்ற நினைத்தது வீண்செலவு இல்லை.

9060 எக்ஸ்டி 16 ஜிபி, 2025 ஜூனில் 349 அமெரிக்க டாலருக்கு வந்தது. சுமார் 160 வாட், பெரும்பாலான மாடல்களுக்கு ஒரே ஒரு எட்டு முனை மின்இணைப்பு போதும். ஏஎம்டி கேட்பது 450 வாட் பவர் சப்ளை, அதனால் உங்கள் 500 போதும், ஆனால் அது எந்தத் தயாரிப்பு என்று மூடியைத் திறந்து ஒட்டுத்தாளைப் பாருங்கள். மின்சாரத்தை வீணாக்காத திறனுக்குத் தரும் 80 பிளஸ் முத்திரைகூட இல்லாத, பெயர் தெரியாத பவர் சப்ளை என்றாலோ, வாங்கி ஆறேழு வருடம் ஆகியிருந்தாலோ, அதை மாற்றுவதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். பெரிய நிறுவனங்களின் ஆபீஸ் கணினியாக இருந்தால் இன்னொரு தொல்லை: அவற்றில் சிலவற்றின் பவர் சப்ளையும் மதர்போர்டு இணைப்பும் அவர்களுக்கே உரிய வடிவில் இருக்கும், கடையில் கிடைப்பதைப் போட முடியாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது அசெம்பிள் செய்தது போலத்தான் தெரிகிறது.

விலை நியாயமா என்று பார்க்க நான் எப்போதும் செய்யும் கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்க அறிமுக விலையில் அவர்கள் ஊர் வரி சேராது. அதைச் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்ற சுமார் 1.3 ஆல் பெருக்கி, நம் 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேருங்கள். 349 டாலர் கார்டு ஏறக்குறைய 495 வெள்ளி ஆகும், 299 டாலர் 5060 ஏறக்குறைய 424, 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 429 டாலர் என்பதால் 608 வாக்கில். இந்தத் தொகைக்கு அருகில் இருந்தால் நியாயம், கீழே இருந்தால் நல்ல பேரம். இது எல்லை இல்லை, அளவுகோல் மட்டும்தான். 2025 கடைசியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது, 16 ஜிபி கார்டுகளுக்கு அதன் சூடு கூடுதலாகவே படும். நீங்கள் கடைக்குப் போகும் அன்று என்ன விலை என்பதை நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. 500-ஐத் தாண்டி 30, 40 வெள்ளி ஆனால் கொடுக்கலாம் என்பேன். 100 வெள்ளிக்கு மேல் போனால் கீழே சொல்லும் வழியைப் பாருங்கள்.

கடையில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 9060 எக்ஸ்டி 8 ஜிபியிலும் உண்டு, 16 ஜிபியிலும் உண்டு. 5060 டிஐயும் அப்படித்தான். பெயர் ஒன்று, பெட்டி ஏறக்குறைய ஒன்று, சரக்கு வேறு. விளம்பரத்தில் குறைந்த விலை தெரிந்தால் அது 8 ஜிபிதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் முழு மாடல் எண்ணையும் 16 ஜிபி என்பதையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். அசூஸ், சஃபயர், பவர்கலர், கிகாபைட் என்று எந்தத் தயாரிப்பு என்பது இந்த விலையில் பெரிய விஷயமே இல்லை. மூன்று விசிறி, கலர் விளக்கு என்பதற்காக 60 வெள்ளி கூடக் கொடுக்க வேண்டாம். 160 வாட்டைக் குளிர்விக்க இரண்டு விசிறி தாராளம்.

இன்டெல் ஆர்க் பி580 என்று யாராவது சொல்வார்கள். 12 ஜிபி, 249 டாலர் அறிமுக விலை, கேட்க நன்றாக இருக்கும். புதுப் பிராசசர் உள்ளவர்களுக்கு நானே சிபாரிசு செய்திருக்கிறேன். ஆனால் அதன் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், பிராசசர் மேல் அதிகச் சுமை வைக்கும், பழைய பிராசசர்களோடு சேர்த்தால் வேகம் நன்றாகவே விழுவதை 2025 ஆரம்பத்தில் பலரும் சோதித்துக் காட்டினார்கள். பிறகு வந்த டிரைவர்களில் கொஞ்சம் சரிசெய்திருக்கிறார்கள். அதோடு மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இருந்தே ஆக வேண்டும். பத்தாம் தலைமுறை போர்டுகளில் சிலவற்றுக்கு அது பயாஸ் அப்டேட் மூலம்தான் வந்தது, சிலவற்றுக்கு வரவே இல்லை. உங்களுக்கு வேண்டாம்.

என்விடியாவை ஒரேயடியாகத் தள்ளவில்லை. தம்பி பள்ளி வேலைக்காக வீடியோ எடிட்டிங் செய்வதாகவும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஆர்வம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேப்கட் வகை எடிட்டிங்குக்கு எந்தக் கார்டும் போதும். பிளெண்டர் வேறு. உருவங்களை இறுதிப் படமாக வரைந்து தரும் அதன் சைக்கிள்ஸ் ரெண்டரிங் ஏஎம்டியிலும் ஓடும், ஆனால் என்விடியாவில் தெளிவாகவே வேகம் அதிகம். வீட்டிலேயே செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்தாலும் பெரும்பாலான மென்பொருள் முதலில் என்விடியாவின் கூடா என்ற மென்பொருள் தளத்துக்குத்தான் எழுதப்படுகிறது. தம்பி உண்மையிலேயே அந்தப் பக்கம் போகப்போகிறார், பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் எடுக்கப்போகிறார் என்றால், 100 வெள்ளி கூட்டி 5060 டிஐ 16 ஜிபி வாங்குவது வீண் இல்லை. அதுவும் 8 தடம்தான், ஆனால் 16 ஜிபி இருப்பதால் வழியும் பிரச்சினை அரிதாகவே வரும். பிளெண்டர் தொடக்கப் பயிற்சியில் வரும் டோனட்டை மட்டும் செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார் என்றால் வேண்டாம். எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பெட்டியிலும் விளம்பரத்திலும் இருக்கும் பெரிய எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் மேடையிலேயே, 549 டாலர் 5070 கார்டு 1,599 டாலர் 4090-க்குச் சமம் என்றார். அது உண்மையான வேகத்தில் இல்லை. கார்டு வரைந்த ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே இட்டு நிரப்பும் படங்களையும் சேர்த்து எண்ணிய கணக்கு. அந்த இட்டு நிரப்பல் அசைவை வழவழப்பாகக் காட்டும், ஆனால் சுட்டியை அசைத்ததும் துப்பாக்கி திரும்பும் வேகம் அதிகரிக்காது, நினைவகத்தையும் கொஞ்சம் தின்னும். என்விடியாவில் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியில் எஃப்எஸ்ஆர் என்ற பெயர்களில் வரும் படத்தைப் பெரிதாக்கும் முறை வேறு விஷயம், அது உண்மையிலேயே பயன்படும். ஏஎம்டியின் பழைய கார்டுகளில் அது மங்கலாக இருக்கும், 9000 வரிசைக்கு வந்த எஃப்எஸ்ஆர் 4 அந்தக் குறையைப் பெரிதும் போக்கிவிட்டது. எல்லா விளையாட்டிலும் அது இல்லை, டிஎல்எஸ்எஸ் பரவிய அளவு இன்னும் பரவவில்லை.

பட்ஜெட் தாண்டிவிட்டால், அல்லது 300 வெள்ளிக்குள் முடிக்க வேண்டும் என்றால், பழையது வாங்கலாம். அப்போது நான் தேடுவது ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி உள்ளது. 170 வாட், 16 தடம், உங்கள் கணினிக்குப் பொருந்தும். இதிலும் 8 ஜிபி வகை ஒன்று இருக்கிறது, அது நினைவகத்தில் மட்டும் இல்லை வேகத்திலும் குறைவு, தவிர்த்துவிடுங்கள். மலிவாகக் கிடைக்கும் ஜிடிஎக்ஸ் 1070, 1080 டிஐ பக்கம் போகவே வேண்டாம். புது விளையாட்டுகளுக்கான டிரைவர்களை 2025 அக்டோபரோடு என்விடியா அந்த வரிசைக்கு நிறுத்திவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான்.

கரோசலில் விற்பவர்கள் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் வந்து தருகிறேன் என்பார்கள். ஃபோன் வாங்க அது சரி, கார்டு வாங்கச் சரியில்லை, கட்டண வாயிலுக்குப் பக்கத்தில் வைத்து எதைச் சோதிப்பது? அவர்கள் வீட்டுக் கணினியில் ஓடுவதைக் காட்டச் சொல்லுங்கள். கனமான விளையாட்டோ சோதனை மென்பொருளோ இருபது நிமிடம் ஓட வேண்டும், திரையில் புள்ளிகளோ கோடுகளோ வரக்கூடாது, விசிறி கரகரக்கக்கூடாது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பெயரும் நினைவகமும் சரியா என்று பாருங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புதுப் பெயர் சூட்டி விற்பது இன்னும் நடக்கிறது, அந்த மென்பொருள் பெரும்பாலானவற்றைப் போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டா என்று கேட்பீர்கள். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங்கை விட்டதும் அப்படிப்பட்ட கார்டுகள் சந்தையில் கொட்டின. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே கார்டு பாழ் என்று சொல்ல மாட்டேன், சீரான சூட்டில் ஓடிய சில கார்டுகள் நன்றாகவே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வெளியிலிருந்து பார்த்து எது இன்னும் இரண்டு வருடம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பயத்தின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உத்தரவாதத்தில் லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளூர் விநியோகஸ்தரின் ஒட்டுத்தாள் உள்ள கார்டு கெட்டால் இங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம், இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கியதை நீங்களே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருள் வெளிநாட்டிலிருந்து வந்தால் இறக்குமதியின்போது பொருள் சேவை வரி தனியாக வரும், அதைக் கணக்கில் சேர்க்காமல் மலிவு என்று நினைக்க வேண்டாம். கடையில் வாங்கியது ஆறு மாதத்துக்குள் பழுதானால், விற்கும்போதே பழுது இருந்ததாகவே பழுதான பொருளை வாங்கியவரைக் காக்க 2012-ல் வந்த லெமன் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. கடை விற்கும் பழைய பொருளுக்கும் இது உண்டு. கரோசலில் தனியாள் விற்றால் கிடையாது.

கார்டு வாங்குவதற்கு முன்னால் செலவில்லாத சோதனை ஒன்றைத் தம்பியிடம் செய்யச் சொல்லுங்கள். 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருக்கிறதா, 8-8 என்று இரண்டாக இருக்கிறதா? ஒன்றாக இருந்தால் பிராசசர் பாதி வேகத்தில்தான் ரேமோடு பேசும், எந்தக் கார்டு போட்டாலும் அது பின்னுக்கு இழுக்கும். ரேம் விலை ஏறிய நேரமாக இருந்தாலும் பழைய டிடிஆர்4 குச்சி ஒன்று தேடிப்பிடிப்பது நல்லது. ஐ5-10400-ஐ மாற்ற வேண்டாம், 1080பியில் இந்தக் கார்டுக்கு அது ஓரளவு ஈடுகொடுக்கும். சில விளையாட்டுகளில் கார்டு காத்திருக்கத்தான் செய்யும், ஆனால் பிராசசர், மதர்போர்டு, ரேம் என்று எல்லாவற்றையும் மாற்றும் செலவுக்கு அந்த வித்தியாசம் பெறாது. நாளைக்குக் கணினியை மாற்றினாலும் கார்டைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம்.

என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறுவதால் பழைய டிரைவரை டிடியு என்ற மென்பொருளால் முழுவதுமாக நீக்கிவிட்டு, கணினியை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்த பிறகு கார்டை மாற்றச் சொல்லுங்கள். மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகாமல் கார்டின் பின்பக்கம் செருக வேண்டும். சிரிக்காதீர்கள், புதுக் கார்டு போட்டும் வேகமே இல்லை என்று வந்த கணினிகளில் இதுதான் காரணமாக இருந்ததை நிறையவே பார்த்திருக்கிறேன். பவர் சப்ளை ஒட்டுத்தாளின் படத்தையும் மதர்போர்டு மாடல் பெயரையும் இங்கே போட்டால், வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன்.